ஃபோர் வீல் விழவில்லை: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

வேலூர்ப் பக்கம் ஓடும் ஃபோர் வீல் பிக்கப்புகளும் ஜீப்புகளும் வருஷத்தில் பெரும்பாலான நாள் தார் ரோட்டில் 2எச்-லேயே (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) ஓடுகின்றன. ஐப்பசி மழை பிடித்து, ஜவ்வாது மலையில் தார் முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் சாமை மூட்டையோடு நிற்கும்போதுதான் லீவர் மேல் கை போகும். அன்றைக்குப் பார்த்து அது விழாது. உடனே கூட வந்தவர் ஒருவர் "டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு, இறக்கித்தான் பார்க்கணும்" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டுப் பெட்டியை இறக்கிவிடாதீர்கள். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வெளியேதான் இருந்தது: ஹப்பில், ஒரு ரப்பர் ஓஸில், களிம்பு பூத்த ஒரு சாக்கெட்டில்.

பாதையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கியர் பாக்ஸிலிருந்து வரும் சுற்று டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைகிறது. அங்கிருந்து பின் ஷாஃப்டுக்கு எப்போதும் போகும். 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) அல்லது 4எல் (அதுவே, குறைந்த வேகத்தில் கூடுதல் இழுவையோடு) போட்டால் முன் ஷாஃப்டுக்கும் போகும். முன் ஷாஃப்ட் முன் டிஃபரன்ஷியலை (சுற்றை இடது வலது என்று பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) சுற்ற, அது இரண்டு ஆக்ஸில்களைச் சுற்ற, கடைசியில் ஆக்ஸிலைச் சக்கரத்தோடு பூட்டும் ஹப் வழியாகச் சக்கரம் சுற்றும். இதில் எந்தக் கண்ணி விட்டாலும் ஓட்டுநருக்குத் தெரிவது ஒன்றே: "முன்னாடி இழுக்கல்லண்ணா". எங்கே விட்டது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

அடுத்து, உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். பழைய மஹிந்திரா ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் ஃபோர் வீலுக்குத் தனி லீவர். சிலவற்றில் முன் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். இன்னொரு வகையில் லீவரோ சுவிட்சோ இருக்கும், முன் ஹப்பையோ முன் ஆக்ஸிலையோ வேக்கம் (பம்பின் காற்று உறிஞ்சல்) இழுத்துப் பூட்டும். மூன்றாவது வகை இசுஸு வி-கிராஸ் போல டாஷ்போர்டில் ஒரு குமிழ். மின் மோட்டார்தான் உள்ளே கியரைத் தள்ளும். கீழே சொல்வதில் உங்கள் வண்டிக்குப் பொருந்தாததைத் தாண்டிப் போய்விடலாம்.

முதலில்: உண்மையிலேயே பழுதுதானா?

பாலாற்று மணலில் வண்டி சிக்குகிறது. முன்பக்கம் இடது சக்கரமும் பின்பக்கம் வலது சக்கரமும் காற்றாடியாகச் சுற்றுகின்றன, மற்ற இரண்டும் சும்மா நிற்கின்றன. பார்ப்பவர் "நாலும் சுத்தல, ஃபோர் வீல் விழல" என்று முடிவு கட்டிவிடுவார். தப்பு. முன் சக்கரம் ஒன்று சுற்றினாலே ஃபோர் வீல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். சாதாரண டிஃபரன்ஷியல் பிடிமானம் இல்லாத சக்கரத்துக்குத்தான் சுற்றை விட்டுக்கொடுக்கும். அது அதன் பிறவிக்குணம். டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக் இல்லாத வண்டியில் குறுக்காக இரண்டு சக்கரம் சுற்றுவதற்குப் பழுது பார்க்கத் தேவையில்லை. டயரில் காற்றைக் குறைப்பதும் மண்வெட்டியும்தான் தேவை.

பின் சக்கரம் மணலைத் தோண்டிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே லீவரைத் தள்ளுபவர்களும் உண்டு. பின் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிறது, முன் ஷாஃப்ட் நிற்கிறது. இரண்டையும் அந்த நேரத்தில் சேர்க்கப் பார்த்தால் பல்லோடு பல் உரசிக் கரகரக்கும், விழாது. ஆக்ஸிலேட்டரை விட்டு, வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்துப் போடுங்கள். இன்னும் நல்லது, மணலில் இறங்கும் முன்பே போட்டுவிடுவது.

சுற்று எங்கே நிற்கிறது: ஜாக்கியை வைத்து ஒரு சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே போங்கள். ஒரு ஜாக்கி, ஒரு டார்ச், இரண்டு பேர் போதும்.

சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். 4எச் போட்டு நேராகச் சில அடி உருட்டுங்கள். தானாகப் பூட்டும் ஹப்புகள் உருண்டால்தான் பூட்டும். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் தரையை விட்டுத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். லீவர் வகையில் இன்ஜினை அணைத்துவிடலாம். வேக்கம் வகையில் இன்ஜின் ஓடினால்தான் உறிஞ்சும். ஆகவே நம்பிக்கையான ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கட்டும், ஆனால் கால் பிரேக்கைத் தொடவே கூடாது. தொட்டால் முன் சக்கரத்தையும் பிரேக் பிடித்துவிடும், சோதனை பொய்யாகும். இன்ஜின் ஓடும்போது வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள், பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கொஞ்சம் ஆட்டம் காட்டிவிட்டு இறுகி நின்றால், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து இரண்டு முன் சக்கரம் வரைக்கும் இணைப்பு இருக்கிறது. ஒரு பக்கம் பார்த்ததே இரண்டு பக்கத்துக்கும் பதில். ஏனென்றால் எதிர்ப்பக்க ஹப் திறந்திருந்தால் இந்தச் சக்கரமும் சுற்றியிருக்கும்.

சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது, கூடவே முன் ஷாஃப்டும் சுற்றுகிறது என்றால் ஹப்பும் ஆக்ஸிலும் நல்லவை. டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் முன்பக்கத்தைப் பிடிக்கவில்லை. லீவர் இணைப்பு, ஷிஃப்ட் மோட்டார், உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் என்று அந்தத் திசையில் தேடுங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, முன் ஷாஃப்ட் அசையவில்லை என்றால் ஹப் அல்லது ஆக்ஸில் பக்கம் விட்டிருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் ஆக்ஸில் வெளியே தெரியும் வண்டியாக இருந்தால் இன்னும் கிட்டே போகலாம்: சக்கரத்தோடு ஆக்ஸிலும் சுற்றவில்லை என்றால் இந்தப் பக்க ஹப் பூட்டவில்லை. ஆக்ஸிலும் சுற்றினால் எதிர்ப்பக்க ஹப்பையோ, ஆக்ஸிலை இணைத்துப் பிரிக்கும் ஆக்சுவேட்டரையோ பாருங்கள். கடைசியாக இன்ஜினை அணைத்துவிட்டு முன் ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசையாமல் நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தப்பித்தது. அதுவும் தாராளமாகச் சுற்றினால் இரண்டு இடத்தில் பழுது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் பாகம் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்.

லீவர் அசையவே மறுக்கிறது

மாதக்கணக்கில் தொடாத லீவர் துருப்பிடித்து இறுகுவது சாதாரணம். லீவர் உறையைக் கழற்றி உள்ளே பாருங்கள்: காய்ந்த சேறு, உடைந்த ரப்பர் புஷ், வளைந்த கம்பி. அடியிலிருந்து பார்த்து, இணைப்புக் கம்பியை லீவரிலிருந்து பிரித்துவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸின் கையை மட்டும் அசைத்துப் பாருங்கள். அது அசைந்தால் பழுது மேலே இருக்கிறது. துருநீக்கி, கிரீஸ், புது புஷ், அவ்வளவுதான் செலவு. அதுவும் அசையவில்லை என்றால் உள்ளே ஷிஃப்ட் ஷாஃப்ட் இறுகியிருக்கிறது.

தவறான எண்ணெயும் லீவரைக் கனமாக்கும். சில டிரான்ஸ்ஃபர் கேஸுகள் ஆட்டோமேட்டிக் கியருக்கான மெல்லிய எண்ணெய் கேட்கும், சில கியர் ஆயில் கேட்கும். "எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான்" என்று ஊற்றிவிடும் இடங்கள் இருக்கின்றன. வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

4எச் விழுகிறது, 4எல் மட்டும் விழவில்லை

பெரும்பாலும் பழுதே இல்லை, போடும் முறைதான் காரணம். பல வண்டிகளில் 4எச்-க்கு ஓட்டத்திலேயே மாறலாம் (வேக வரம்பு கையேட்டில் இருக்கும்). 4எல்-க்கு வண்டி நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கிளட்ச் முழுக்க அடியில் இருக்க வேண்டும். அப்படியும் விழாவிட்டால் பல்லுக்கு நேராகப் பல் நிற்கிறது. அரை அடி உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

குமிழ் வகையில் கிளட்ச் மிதித்தது சுவிட்ச் வழியாகக் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரல் என்பது தெரிய வேண்டும். பெடலுக்கு அடியில் மடங்கிய கால்மிதியே கிளட்ச் முழுக்க இறங்காமல் தடுத்திருக்கலாம். முதலில் அதை எடுத்து வீசுங்கள்.

குமிழைத் திருப்பினால் சத்தமே இல்லை

வண்டியை ஓரமாக, அமைதியான இடத்தில் நிறுத்தி, சாவியை ஆன் செய்து, குமிழைத் திருப்பிக் காது கொடுங்கள். நல்ல வண்டியில் தரைக்கு அடியிலிருந்து மோட்டார் சுற்றும் சிறு சத்தம் கேட்கும். கேட்கவே இல்லை என்றால் மின்சாரம் அங்கே போகவில்லை.

ஃபியூஸைப் பாருங்கள். ரிலே தனியாக இருந்தால் அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பாருங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் கம்ப்யூட்டர் மாற்றத்தை மறுக்கும். இவையெல்லாம் சரி என்றால் ஷிஃப்ட் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில், நேராகத் தண்ணீரும் சேறும் அடிக்கும் இடத்தில் அது இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து, மின் இணைப்புக்கான கிரீஸ் மெல்லியதாகப் பூசி மாட்டுங்கள். எர்த் வயர் சேசிஸில் சேரும் போல்ட்டையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். டெஸ்ட் லைட்டை வைத்து, குமிழைத் திருப்பும்போது சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. வரவில்லை என்றால் சுவிட்சோ கம்ப்யூட்டரோ வயரிங்கோ. இதற்கு ஸ்கேனர் போட்டுப் பழுதுக் கோட் படிப்பதே சுருக்கு வழி.

மோட்டார் சத்தம் கேட்கிறது, ஆனால் விழவில்லை என்றால், மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரமோ, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரோ தேய்ந்திருக்கலாம்.

டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது

சிமிட்டல் என்றால் "போட முயற்சி செய்கிறேன், இன்னும் சேரவில்லை" என்று வண்டி சொல்கிறது. நேராகக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டுங்கள், பிறகு பின்னால் எடுங்கள். பல நேரம் நிலைத்துவிடும். நிலைக்கவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாறிவிட்டது, முன் ஆக்ஸில் மாறவில்லை என்ற சாத்தியம் அதிகம். ஜாக்கிச் சோதனை இதை உடனே சொல்லிவிடும்.

விளக்கு நிலையாக எரிகிறது, முன்பக்கம் இழுக்கவில்லை

மிக அதிகமாக வரும் புகார் இது. பல வண்டிகளில் விளக்குக்கான சுவிட்ச் டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று விளக்குக்குத் தெரியாது. ஆகவே விளக்கை நம்பி மலையேறாதீர்கள்.

குனிந்து பார்த்துவிடுங்கள்: முன் ஷாஃப்ட் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். மைலேஜுக்காகவும் சத்தத்துக்காகவும் முன் ஷாஃப்டைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிட்டு வண்டியை விற்றவர்கள் இருக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர் வீலுக்கு இதுதான் முதல் சோதனை.

கையால் திருப்பும் ஹப் என்றால், குமிழ் பாதியில் நிற்கிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் பூட்டும் குறிக்கு நேராக முழுக்கத் திரும்பியிருக்க வேண்டும். ஒன்று பூட்டி ஒன்று திறந்திருந்தால் திறந்த பக்கத்தின் ஆக்ஸில் உள்ளே வெறுமனே சுற்றும், இரண்டு சக்கரமும் இழுக்காது. திருப்ப முடியாத குமிழைக் குறடால் பிடித்துத் திருகினால் அலுமினிய மூடி உடையும். திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்து, காய்ந்த கிரீஸை டீசலில் கழுவி, உள்ளே ஸ்பிரிங்கும் பல் வளையமும் நகர்கிறதா பார்த்து, மெல்லிய கிரீஸ் மட்டும் தடவுங்கள். வீல் பேரிங்குக்கு அடைப்பது போல ஹப்பில் கிரீஸை அடைத்தால் அதுவே வளையத்தை நகரவிடாது.

வேக்கம் வகையில் வேலை கொஞ்சம் அதிகம், செலவு பெரும்பாலும் குறைவு. டீசல் வண்டிகளில் வேக்கம் பம்ப் பல நேரம் ஆல்டர்நேட்டரின் வாலில் உட்கார்ந்திருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதுவே. அங்கிருந்து மெல்லிய ரப்பர் ஓஸ்கள் சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது) வழியாக முன் சக்கரங்களுக்கோ ஆக்ஸிலுக்கோ போகின்றன. வேலூர் வெயிலுக்கு அந்த ரப்பர் சில வருஷத்தில் வெடித்துவிடும். புளியமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் எலி கடித்திருக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு, சோலினாய்டுக்கு வரும் ஓஸைக் கழற்றி விரலால் மூடுங்கள். விரலை நன்றாக உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பம்ப் அல்லது அதற்கு முந்தைய ஓஸ். அப்படியானால் பிரேக் பெடலும் கனமாக இருக்கிறதா கவனியுங்கள், இருந்தால் ஃபோர் வீலை மறந்துவிட்டு முதலில் பிரேக்கைச் சரி செய்யுங்கள். உறிஞ்சல் நன்றாக இருந்தால் அடுத்து சோலினாய்டின் மறுபக்கம்: 4எச் போட்டதும் அங்கே உறிஞ்சல் வர வேண்டும். வராவிட்டால் சோலினாய்டோ அதன் வயரோ. அங்கேயும் வந்தால் சக்கரத்துப் பக்கம் கடைசி ஓஸ் வரை போங்கள். சக்கரம் திரும்பும்போது இழுபடும் வளைவில்தான் கிழிசல் அதிகம். அதுவும் சரி என்றால் ஹப்பின் உள் சீல் காற்றை விடுகிறது. கை வேக்கம் பம்ப் இருந்தால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே வந்தால் சந்தேகமில்லை.

தண்ணீர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையிறங்கிச் சூடாக வரும் ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஆக்ஸில் மேலே இருக்கும் மூச்சுக் குழாய் சேற்றில் அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் இதுதான் காரணம். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அடுத்த மழையில் மறுபடி அதே கதை.

ஹப், வேக்கம், ஷாஃப்ட் எல்லாம் சரி என்றால் மிச்சம் உடைந்த ஆக்ஸில்தான். வண்டியைத் திருப்பும்போது கடக் கடக் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

விளக்கு எரியவில்லை, ஆனால் இழுக்கிறது

டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் சிறு சுவிட்ச், அல்லது அதன் வயர். அவசரமில்லை. ஆனால் சில வண்டிகளில் அந்த சுவிட்சின் சேதிக்குப் பிறகுதான் முன் ஆக்ஸில் பூட்டும், அங்கே சும்மா விட முடியாது.

விழுகிறது, பிறகு குதித்து வெளியே வந்துவிடுகிறது

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் லீவர் தானாக நழுவினால், முதலில் கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். அது உடைந்தால் மொத்தப் பெட்டியும் ஆடி லீவரை இழுக்கும். ரப்பர் சரி என்றால் ஃபோர்க் தேய்ந்திருக்கும், அல்லது லீவரை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும் பலவீனம்.

பாரத்தோடு இழுக்கும்போது மட்டும் அடியில் டக் டக் என்று பல் தாவும் சத்தம் வந்தால் உள்ளே செயின் நீண்டுவிட்டது. இது ஜாக்கிச் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் கைவிசைக்குச் செயின் தாவாது. எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் மெல்லிய பசை போல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம், பல்துண்டும் சில்லும் இருந்தால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். இது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை.

2எச்-க்குத் திரும்ப மறுக்கிறது

இதுவரை சொன்ன வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தாரில் 4எச்-ல் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினால், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓட, ஷாஃப்டுகளுக்குள் முறுக்கு சேர்ந்துவிடும். அந்த முறுக்கு பல்லை இறுக்கிப் பிடித்திருக்கும்போது லீவரை இழுத்துப் பயனில்லை, வளைந்துதான் போகும். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் எடுங்கள். லீவர் வகையில் அப்படி எடுக்கும்போதே லேசாக இழுத்தால் வந்துவிடும். மண் ஓரம் இருந்தால் நான்கு சக்கரத்தையும் அதில் இறக்கினால் முறுக்கு தானாகவே விடும்.

நேர் ரோட்டிலேயே இப்படி இறுகுகிறது என்றால் டயரைப் பாருங்கள். முன்னால் தேய்ந்த பழைய ஜோடி, பின்னால் புது ஜோடி என்று மாட்டியிருந்தால் சுற்றளவு வித்தியாசமே முறுக்கைச் சேர்க்கும். நான்கிலும் ஒரே அளவு டயர் போட்டு, காற்றையும் கையேட்டில் உள்ளபடி சரிபார்த்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.